வங்கக்கடலில் புயல் வலுப்பெறுகிறதா? நீங்களே பின்தொடர்வது எப்படி

நவம்பர் பிறந்தாலே வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்ற ஆரம்பித்துவிடும். இன்னும் பத்து நாளில் சென்னை மேல் வந்து உட்காரப் போகிற ஒரு பெரிய சுழல், சிவப்பும் ஊதாவுமாக, கீழே நாலு ஆச்சரியக்குறியோடு ‘உஷார்’. பெரும்பாலும் அது அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாடல், அதாவது கணினியில் வானிலையைக் கணிக்கும் ஏற்பாடு, ஏதோ ஒரு ஓட்டத்தில் காட்டிய படமாக இருக்கும். ஆறு மணி நேரம் கழித்து வரும் அடுத்த ஓட்டத்தில் அந்தப் புயல் மியான்மருக்குப் போயிருக்கும், அல்லது இருந்த இடமே தெரியாது. அந்த இரண்டாவது படத்தை மட்டும் யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

புயலைப் பின்தொடர ஆசைப்படுகிறவர்கள் செய்யும் முதல் தப்பு இதுதான்: ஐந்து நாள் கழித்து என்ன ஆகும் என்பதைப் பார்க்க ஓடுகிறார்கள், இந்த நிமிஷம் கடலில் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. முதலில் புயலின் மையம் எங்கே என்று பிடியுங்கள். அது எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் நகர்கிறது, மேகம் மையத்தின் மேல் நிற்கிறதா, தள்ளி நிற்கிறதா என்று பாருங்கள். மாடல் எல்லாம் அப்புறம்.

எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் வரும் பெயர்கள் எல்லாமே காற்றின் வேகத்தை வைத்துத்தான். தாழ்வுப் பகுதி என்றால் மணிக்கு 31 கி.மீ. வேகத்துக்கும் கீழே, அதற்கு இன்னும் சரியான மையமே இருக்காது. தாழ்வு மண்டலம் ஆனால் 31 முதல் 49 வரை, ஆழ்ந்த தாழ்வு மண்டலம் 50 முதல் 61 வரை. 62-ஐத் தொட்டால்தான் புயல், அப்போதுதான் பெயர் வைப்பார்கள். 89-இல் தீவிர புயல், 118-இல் மிகத் தீவிர புயல், அதற்கும் மேலே 167-இல் இன்னொரு படி, 222-ஐத் தாண்டினால் சூப்பர் புயல். டிவியில் ‘தாழ்வுப் பகுதி’, ‘தாழ்வு மண்டலம்’ இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள், அதை நம்பாமல் அறிக்கையையே படியுங்கள். தமிழிலேயே வருகிறது, நுங்கம்பாக்கத்தில் இருக்கும் மண்டல வானிலை மையத்தின் தளத்தில்.

இன்னொன்று. அமெரிக்கக் கடற்படையின் கூட்டுப் புயல் எச்சரிக்கை மையமும் வங்கக்கடலைக் கவனிக்கிறது. சந்தேகத்துக்குரிய மேகக்கூட்டத்துக்கு 90 முதல் 99 வரை ஒரு எண் கொடுத்து, கூடவே வங்கக்கடல் என்றால் ‘பி’, அரபிக்கடல் என்றால் ‘ஏ’ என்று சேர்ப்பார்கள். ‘92பி வந்துவிட்டது’ என்று யாராவது பதற்றமாகப் போட்டால் அதன் அர்த்தம், அந்த இடத்தை உற்றுப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். அவர்கள் சொல்லும் வேகம் நம்மவர்கள் சொல்வதைவிடப் பெரும்பாலும் கொஞ்சம் கூடவே இருக்கும். காரணம், அவர்கள் ஒரு நிமிடச் சராசரி எடுக்கிறார்கள், டெல்லியில் இருக்கும் நம் வானிலை ஆய்வு மையம் மூன்று நிமிடச் சராசரி எடுக்கிறது. ‘இந்தியா மறைக்கிறது’ என்று வரும் பதிவுகளில் பாதி இந்த வித்தியாசம் தெரியாததால் வருவது.

மையத்தைப் பிடிப்பது

செயற்கைக்கோள் படம் பார்க்கும்போது மேகம் எங்கே அடர்த்தியோ அங்கேதான் மையம் என்று கண் முடிவுகட்டிவிடும். வலுவான புயலில் அது சரி. வளர்ந்துகொண்டிருக்கும் புயலில் பல நேரம் தப்பு. இன்சாட் படங்கள் அரை மணிக்கு ஒரு முறையாவது வருகின்றன. பகலில் என்றால் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்த படத்தை முதலில் திறங்கள், ஒரே படமாக இல்லாமல் ஆறேழு படங்களை ஓடவிட்டுப் பாருங்கள். உயரத்தில் இருக்கும் வெள்ளை மேகம் ஒரு பக்கம் போகும், அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன மேக வரிகள் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். அந்தச் சின்ன வரிகள் எந்தப் புள்ளியைச் சுற்றுகின்றனவோ அதுதான் மையம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேலடுக்கில் கிழக்குக் காற்று பலமாக இருந்தால் மேகம் எல்லாம் மேற்கே தள்ளப்பட்டு, மையம் பின்னால் மொட்டையாகத் தெரியும். நம் கரையில் மழை கொட்டுகிறது, புயலோ இன்னும் 400 கி.மீ. தள்ளி இருக்கிறது என்றால் பெரும்பாலும் கதை இதுதான்.

இரவில் இந்த வசதி இல்லை. அகச்சிவப்புப் படம் மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று காட்டும், கீழே நடப்பதை மறைத்துவிடும். அப்போது மைக்ரோவேவ் படம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அது மேல் மேகத்தை ஊடுருவி, உள்ளே மழைப்பட்டை வளையமாகச் சுற்றிக்கொண்டதா என்று காட்டும். நாளுக்குச் சில முறைதான் வரும். கடல் மேற்பரப்புக் காற்றை அளக்கும் ஸ்கேட்டரோமீட்டர் படங்களும் அப்படித்தான், நம் ஓஷன்சாட்-3 செயற்கைக்கோள் தருவது உட்பட. அம்புக்குறிகள் எல்லாம் ஒரு புள்ளியைச் சுற்றி மூடிய வட்டமாக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். வட்டம் மூடவில்லை என்றால் அது இன்னும் புயலாகத் தயாராகவில்லை.

ஒரு காகிதம், ஒரு ஸ்கேல்

இந்த வேலையை ஒரு முறையாவது கையால் செய்து பாருங்கள், ஆப் வேண்டாம். அறிக்கையில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இருக்கும். உதாரணத்துக்குச் சும்மா ஒரு கணக்கு: காலை 5.30-க்கு மையம் 10.0 வடக்கு, 84.0 கிழக்கு. 11.30-க்கு 10.5 வடக்கு, 83.2 கிழக்கு. ஒரு டிகிரி அட்சரேகை 111 கி.மீ.; நம் பக்கத்தில் ஒரு டிகிரி தீர்க்கரேகை சுமார் 109 கி.மீ. ஆக வடக்கே 55 கி.மீ., மேற்கே 87 கி.மீ. நகர்ந்திருக்கிறது. இரண்டையும் வர்க்கம் செய்து கூட்டி மூலம் எடுத்தால் 103 கி.மீ. ஆறு மணி நேரத்தில் 103 என்றால் மணிக்கு 17 கி.மீ. இதே கோட்டை நேராக நீட்டினால் கல்பாக்கத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவே கரையில் முட்டும். தூரம் ஏறக்குறைய 400 கி.மீ., அதாவது இதே வேகத்தில் வந்தால் மறுநாள் காலை 11 மணி வாக்கில்.

நிஜத்தில் அப்படி நேராக வராது. ஆனாலும் இந்தக் கணக்கு கையில் இருந்தால், அடுத்த அறிக்கை வந்ததும் ‘மெதுவாகிவிட்டது’, ‘தெற்கே வளைகிறது’ என்பது உங்களுக்கு உடனே தெரியும். 2018-இல் கஜா நடுக்கடலில் தென்மேற்காகத் திரும்பியதைப் புள்ளி வைத்துப் பார்த்தவர்கள், கடலூர் பக்கம் வரும் என்ற பேச்சு ஓய்வதற்கு முன்பே டெல்டா பக்கம் பார்க்க ஆரம்பித்திருப்பார்கள். கடைசியில் நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. ஒன்று மட்டும் கவனம்: ஒரே ஒரு அறிக்கையில் மையம் குதித்தால் அது புயல் குதித்ததாக இருக்க வேண்டியதில்லை, இரவில் தோராயமாக வைத்த புள்ளியைக் காலையில் வெளிச்சம் வந்ததும் திருத்தியிருப்பார்கள். மூன்று நாலு புள்ளிகளின் போக்கைப் பாருங்கள்.

வலுப்பெறுமா?

பாதையைக் கணிப்பதைவிட இதுதான் கஷ்டம், பெரிய பெரிய வானிலை மையங்களே சறுக்கும் இடம். நாலு விஷயம் பார்க்க வேண்டும், நாலுக்கும் ஒரே எடை கிடையாது.

கடல் சூடு. 26.5 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பது பாடப்புத்தக எண். வங்கக்கடல் அதை வருஷத்தின் பெரும்பகுதி தாண்டித்தான் இருக்கும், அதனால் அந்த எண்ணை மட்டும் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. மேற்பரப்பு மட்டும் சூடா, அடியிலும் சூடா என்பதுதான் கேள்வி. அடியில் குளிர்ந்த நீர் இருந்தால், ஒரே இடத்தில் நிற்கும் புயல் கடலைக் கலக்கி அந்தக் குளிர்ந்த நீரை மேலே கொண்டுவந்து தன் தீனியைத் தானே கெடுத்துக்கொள்ளும். டிசம்பர் பாதிக்கு மேல் நம் கரையோரக் கடல் ஆறத் தொடங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது விண்ட் ஷியர், என்னைக் கேட்டால் இதற்குத்தான் முதல் இடம். கீழடுக்கில் ஒரு திசையில் காற்று, மேலடுக்கில் வேறு திசையில் வேகமான காற்று என்றால் புயலின் தூண் சாய்ந்துவிடும். விண்டி என்ற வானிலை ஆப்பில் உயரத்தை 850 மில்லிபாருக்கு வைத்து மையத்தைச் சுற்றி என்ன காற்று என்று பாருங்கள், பிறகு 200-க்கு ஏற்றிப் பாருங்கள். முதலாவது தரையிலிருந்து சுமார் ஒன்றரை கி.மீ. உயரம், இரண்டாவது சுமார் 12 கி.மீ. இரண்டுக்கும் வித்தியாசம் 10 நாட் அளவில் இருந்தால் புயலுக்குக் கொண்டாட்டம், 20 நாட்டைத் தாண்டினால் திணறும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ. மூன்றாவது விஷயமும் இங்கேதான்: 200-இல் பார்க்கும்போது புயலின் தலைக்கு மேலே காற்று எல்லாப் பக்கமும் விரிந்து வெளியே போகிறதா என்பதையும் கவனியுங்கள். உள்ளே இழுக்கும் காற்று மேலே வெளியேற வழி இருந்தால்தான் கீழே அழுத்தம் இன்னும் குறையும்.

அப்புறம் வறண்ட காற்று. நீராவிப் படத்தில் வட இந்தியாவிலிருந்து பழுப்பாக ஒரு நாக்கு நீண்டு புயலின் மேற்கு, தெற்குப் பக்கமாகச் சுற்றி உள்ளே போனால், அன்றைக்கு வளர்ச்சி அவ்வளவுதான். நம் கரையை நோக்கி வரும் டிசம்பர் புயல்கள் பல கடைசி நாளில் இளைப்பது இதனால். 2022-இல் மாண்டஸ் தீவிர புயலாக இருந்துவிட்டு, மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடக்கும்போது சாதாரணப் புயலாக இறங்கியிருந்தது.

எல்லாம் கூடிவந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2020 மே மாதத்து ஆம்பன். 16-ஆம் தேதி மாலை புயல், 18-ஆம் தேதி சூப்பர் புயல். இரண்டு நாள்கூட முழுசாக ஆகவில்லை. 24 மணி நேரத்தில் 30 நாட் கூடினால் அதைத் திடீர் வலுப்பெறுதல் என்பார்கள். அப்படி நடக்கும்போது நேற்றைய முன்கணிப்பை வைத்து இன்றைக்கு முடிவெடுக்கக் கூடாது. எதிர்ப்பக்கத்து உதாரணம் 2024-இன் ஃபெஞ்சல். நவம்பர் 27 வாக்கில் புயலாகிவிடும் என்றார்கள், ஆகவில்லை. ஆகாமலே தாழ்வு மண்டலமாகக் கரை ஏறிவிடும் என்று மாற்றிச் சொன்னார்கள். 29-ஆம் தேதி மதியம் புயலாகிவிட்டது! ஷியரும் வறண்ட காற்றும் ஒரு நாள் விட்டுக்கொடுத்தால் போதும். வானிலை மையத்தைக் கிண்டல் செய்து அப்போது வந்த மீம்களுக்குக் கணக்கே இல்லை, ஆனால் அந்த மூன்று நாளும் செயற்கைக்கோள் படத்தில் மேகம் மையத்தை விட்டு விலகுவதும் திரும்ப வந்து மூடுவதுமாக இருந்ததைப் பார்த்தவர்கள் அவ்வளவு சுலபமாகச் சிரித்திருக்க மாட்டார்கள்.

நடுக்கடலில் காற்று மானியோடு யாரும் நிற்பதில்லை, பிறகு வேகத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்கலாம். நம் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் மிதவைகள் சில இருக்கின்றன, புயல் அவற்றின் பக்கம் போனால் உண்டு. மற்றபடி டிவோராக் முறைதான்: வெர்னான் டிவோராக் என்ற அமெரிக்க வானிலை அறிஞர் 1970-களில் உருவாக்கியது, மேகத்தின் வடிவத்தைப் பார்த்து ஒரு டி எண் கொடுப்பது. டி2.5 என்றால் 35 நாட், அதாவது புயல் பிறந்தாயிற்று. டி3.5 என்றால் 55, டி4.0 என்றால் 65, டி5.0 என்றால் 90. நாளுக்கு ஒரு எண் ஏறுவது வழக்கமான வளர்ச்சி. ஒன்றரை, இரண்டு ஏறினால் நிமிர்ந்து உட்காருங்கள். நீங்களும் பழகலாம். மேகப்பட்டை மையத்தைச் சுற்றி எவ்வளவு தூரம் வளைந்திருக்கிறது? அரை வட்டமா, முக்கால் வட்டமா, முழுசா? வட்டம் மூடி, நடுவே ஒரு புள்ளி மட்டும் சூடாகத் தெரிய ஆரம்பித்தால் கண் திறக்கிறது என்று அர்த்தம்.

இப்போது மாடல்

ஜிஎஃப்எஸ் ஒரு நாளில் நாலு முறை ஓடும். நம் நேரப்படி காலை 5.30, 11.30, மாலை 5.30, இரவு 11.30 நிலவரத்தை வைத்து. முடிவு வெளியாக இன்னும் நாலைந்து மணி நேரம் ஆகும். காலை எழுந்ததும் நீங்கள் பார்ப்பது நேற்று இரவு நிலவரத்தின் மேல் கட்டிய கணிப்பு. ஐரோப்பிய மாடலும், நொய்டாவிலிருந்து வரும் நம் என்சியூஎம் மாடலும் கூடவே பாருங்கள். வங்கக்கடலில் ஜிஎஃப்எஸ் தொலைநாள் கணிப்பில் இல்லாத புயலை எல்லாம் ஊதிப் பெருக்கும் பழக்கம் உள்ளது, ஐந்து நாளுக்கு மேலான அதன் படத்தை நான் திறப்பதேயில்லை. ஐரோப்பிய மையம் 2025-இலிருந்து ஏஐ மாடலையும் அதிகாரபூர்வமாக ஓட்டுகிறது. இந்த வகை மாடல்கள் பாதையை நன்றாகவே பிடிக்கின்றன, வலுவைக் குறைத்துக் காட்டும் சுபாவம் இருக்கிறது.

ஒரு மாடலின் ஒரு ஓட்டத்தைப் பார்க்காதீர்கள். ஒரே மாடலின் கடைசி நாலு ஓட்டங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்: கரை தொடும் இடம் ஒவ்வொரு முறையும் வடக்கே நகர்கிறது என்றால், இன்னும் நகரும் என்று எதிர்பார்க்கலாம். மாறி மாறி ஆடுகிறது என்றால் மாடலுக்கே தெரியவில்லை. குழுமக் கணிப்பு என்று ஒன்று இருக்கிறது, தொடக்க நிலவரத்தைத் துளித்துளி மாற்றி ஐம்பது முறை ஓட்டுவது. ஐம்பது கோடுகளும் ஒரு கற்றையாகப் போனால் நம்பலாம். விளக்குமாற்றுக் குச்சி மாதிரி நெல்லூரிலிருந்து யாழ்ப்பாணம் வரை விரிந்தால் நடுக்கோட்டைப் பிடித்துக்கொண்டு யாருக்கும் எதையும் சொல்லாதீர்கள். முதலில் சொன்ன மையம் இங்கே திரும்ப வருகிறது. மாடல் இப்போது மையம் என்று வைத்திருக்கும் இடமும், நீங்கள் படத்தில் கண்ட மையமும் 100 கி.மீ. விலகியிருந்தால், அந்த ஓட்டத்தைத் தூக்கி ஓரமாக வையுங்கள். தொடக்கமே தப்பாக இருக்கும்போது ஐந்தாம் நாள் எப்படிச் சரியாக வரும்?

அதிகாரபூர்வ வரைபடத்தில் வரும் கூம்பைப் பற்றி ஒரு வார்த்தை. அது மையம் எங்கெல்லாம் போகலாம் என்று சொல்கிறது, பாதிப்பு எதுவரை என்று சொல்லவில்லை. கூம்புக்கு வெளியே இருக்கிற ஊருக்கு ஒன்றுமில்லை என்று நினைத்தால் 2023 மிக்ஜாமை நினைத்துக்கொள்ளுங்கள்: கரையைக் கடந்தது டிசம்பர் 5, ஆந்திராவின் பாபட்லா பக்கம், சென்னை மூழ்கியது அதற்கு முன்பே, 3, 4 தேதிகளில், புயல் கரைக்குப் பக்கத்தில் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தபோது.

கிட்டே வந்த பிறகு

கரைக்கு 250 கி.மீ. அளவில் வந்ததும் செயற்கைக்கோளை விட்டுவிட்டு ரேடாருக்கு மாறுங்கள். சென்னை, ஸ்ரீஹரிகோட்டா, காரைக்கால் மூன்றும் முக்கியம். கஜாவின் கண்ணைக் காரைக்கால் ரேடாரில் எல்லாரும் பார்த்தோம். மழைப்பட்டைகள் சுற்றும் நடுப்புள்ளி பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் எவ்வளவு நகர்கிறது என்று திரையிலேயே விரல் வைத்துப் பாருங்கள். நகர்வது நின்றால் அந்தப் பட்டைக்குக் கீழே இருக்கிற ஊருக்குத்தான் கஷ்டம். ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரையேறி அங்கேயே நின்றுவிட்டது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது.

காற்று திசையும் நிறையச் சொல்லும். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், மையம் உங்கள் இடது கைப் பக்கம். முதலில் வாடை, அதாவது வடக்குக் காற்று, அடிக்கும். அது கொண்டலாக, அதாவது கிழக்குக் காற்றாகத் திரும்பினால் மையம் உங்களுக்குத் தெற்கே போகிறது, கடல் நீர் கரை மேல் ஏறுவது உங்கள் பக்கம்தான். கச்சானாக, அதாவது மேற்குக் காற்றாகத் திரும்பினால் மையம் உங்களுக்கு வடக்கே போகிறது, காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும். கரையோர மக்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, சென்னை அபார்ட்மெண்ட்காரர்களுக்குத்தான் சொல்கிறேன்.

கொஞ்சம் விலை கூடிய போன்களில் காற்றழுத்த மானி உள்ளேயே இருக்கும், ஆப் ஒன்று போட்டால் எண் தெரியும். இதில் ஒரு சிக்கல்: புயலே இல்லாத நாளிலும் நம் ஊரில் அழுத்தம் காலை 10, இரவு 10 வாக்கில் ஏறி, அதிகாலை 4, மாலை 4 வாக்கில் மூன்று நாலு மில்லிபார் இறங்கும். காலை 10 மணிக்கு 1010, மாலை 4-க்கு 1006 என்றால் பதறாதீர்கள், தினமும் நடப்பதுதான். நேற்று மாலை 4-ஐ இன்று மாலை 4-ஓடு ஒப்பிடுங்கள். நேற்று 1008, இன்று 1003 என்றால் அது நிஜமான சரிவு. அளக்கும்போது ஒரே மாடியில் இருங்கள். எட்டு மீட்டர் ஏறினாலே ஒரு மில்லிபார் குறைந்துவிடும்.

துறைமுகக் கூண்டு எண்ணையும் கவனியுங்கள். 1, 2 என்றால் தூரத்தில் எங்கோ இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். 5-இலிருந்து ஆபத்து, 8, 9, 10 பெரும் ஆபத்து, 11 என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது.

இவ்வளவு கற்றுக்கொண்டாலும் கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்பதை மட்டும் உங்கள் கணிப்பை வைத்து யாருக்கும் சொல்லாதீர்கள். ஒக்கி 2017 நவம்பர் 29-இல் இலங்கைக்குத் தென்கிழக்கே வெறும் தாழ்வு மண்டலம். 30-ஆம் தேதி காலை கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் புயல். ஆழ்கடலுக்குப் போயிருந்த குமரி, கேரள மீனவர்களின் படகுகளுக்குச் சேதி போய்ச் சேர வழியில்லை. தாழ்வு மண்டலம் என்ற கட்டத்திலேயே மீனவர் எச்சரிக்கை வருவது இதற்காகத்தான், ‘இன்னும் புயலே ஆகவில்லையே’ என்று அதைத் தள்ளிவைக்க முடியாது.

கரையைக் கடந்தது என்று செய்தி வந்ததும் எல்லாரும் டேபை மூடிவிடுவார்கள். நீங்கள் இன்னும் இரண்டு நாள் திறந்தே வையுங்கள். ஃபெஞ்சல் உள்ளே போய் வலுவிழந்த பிறகுதான், கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் சுமார் 50 செ.மீ. பெய்தது. கஜா தமிழ்நாட்டையும் கேரளத்தையும் கடந்து அரபிக்கடலில் இறங்கியது. அதனால் வங்கக்கடல் எச்சரிக்கையை எடுத்துவிட்டாலும், குமரிக்கடலுக்கும் லட்சத்தீவுப் பகுதிக்கும் இருக்கிறதா என்று அடுத்த அறிக்கையில் தனியாகப் பாருங்கள்.